கிருபையின் சைக்கிளுக்கு ஒரு பின்விளக்கு

1

இந்த மாதத்தோடு நான் கப்பலேறிப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. பினாங்கில் எப்படி இருக்கிறாய், அங்கே பிழைப்பு எப்படி என்று ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து கேட்டு எழுதுகிறவர்களுக்கெல்லாம் சேர்த்து நாலு பக்கம் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கடல், மழை, சீனக் கடைத்தெரு என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் பேனாவை எடுத்தால் ஒரு சைக்கிளின் பின்விளக்குதான் முன்னால் வந்து நிற்கிறது. பத்து நாளாக என் புத்தியில் வேறொன்றும் ஓடவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. எழுந்தால் போக இடமில்லை. ஆகவே அதையே எழுதுகிறேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன் நான். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் திறக்க வராது. எழுதும்போது எதிரில் யாரும் இல்லாதது கொஞ்சம் தைரியம்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் தோல் புரட்டினவன். இங்கே ஒரு ரப்பர் ஆலையில், இயந்திரங்களைச் சுற்றி ஓடும் தோல் பட்டைகள் அறுந்தால் தைத்து ஒட்டுகிறேன். கடல் தாண்டியும் தோல் என்னை விடவில்லை. மனைவி சவுந்தரம் பேரணாம்பட்டுக்காரி. எங்களுக்கு ஒரே மகள், கிருபை. வயது பதினெட்டு. இங்கேயே பிறந்தவள்.

போன மாதம் கிருபைக்கு ஆஸ்பத்திரியில் தாதிப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. எங்கள் வரிசை வீடுகளில் எந்தப் பெண்ணுக்கும் கிடைக்காத இடம். கடிதம் இங்கிலீஷில் வந்தது. அவள்தான் படித்துச் சொன்னாள். வீட்டிலிருந்து வருகிறவர்கள் காலை ஆறு மணிக்கு வார்டில் நிற்க வேண்டும். சைக்கிளில் வருவதானால் முன்னும் பின்னும் விளக்கு எரிய வேண்டும். அதை முனிசிபாலிட்டியில் காட்டி முத்திரை வாங்கிய சீட்டும், தகப்பனின் கையெழுத்தும் திங்கட்கிழமைக்குள் வந்து சேர வேண்டும். இல்லையென்றால் இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும்.

எங்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி ஐந்து மைல். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. ஐந்து மணிக்கு இங்கே நல்ல இருட்டு. அந்த ரோட்டில் கல் லாரிகள் விடியுமுன்னே ஓட ஆரம்பித்துவிடும். மூன்று மாதத்துக்கு முன்னால் எங்கள் பக்கத்து வீட்டு நாயுடுவை அப்படி ஒரு லாரிதான் பின்னாலிருந்து வந்து தட்டியது. அவருடைய சைக்கிளில் பின்விளக்கு இல்லாமல் இல்லை. மண்ணெண்ணெய் விளக்கு, காற்றில் அணைந்துபோயிருந்தது. முதுகுக்குப் பின்னால் அணைந்தது அவருக்கு எப்படித் தெரியும்? இப்போது ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. வாசலில் உட்கார்ந்து போகிற வருகிற சைக்கிளையெல்லாம் கூப்பிட்டு, “வெளக்கு எரியுதா பாத்துக்கோப்பா” என்கிறார், பட்டப்பகலிலும்.

நாயுடுவின் வாசலைத் தாண்டும்போதெல்லாம் சவுந்தரம் அந்தக் காலைப் பார்க்காமல் போவாள். கடிதம் வந்த அன்றே சொல்லிவிட்டாள்.

“இன்னாங்க, நல்ல வெளக்கா வாங்குங்க. நாயுடு வெச்சிருந்த மாதிரி அகல்வெளக்கு வாங்கிட்டு வந்தீங்க, எம் பொண்ண அனுப்ப மாட்டேன். ஆஸ்பத்திரிக்கு வேல செய்யப் போவணும், படுக்கப் போவக் கூடாது.”

2

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் கிருபையோடு சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரர் சீனர். இங்கே கடை முதலாளியை எல்லோரும் தவுக்கே என்று கூப்பிடுவார்கள். பனியனும் அரைக்கால் சட்டையுமாக ஒரு முக்காலியில் உட்கார்ந்து டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

பத்தொன்பது வருஷத்தில் நான் கற்ற மலாய், பட்டை அறுந்தது, பட்டை ஒட்டியது என்று ஆலையில் சொல்லும் அளவுக்குத்தான். கிருபைக்கு அது தண்ணீர் மாதிரி வரும். மலாய் பேசும்போது அவள் குரல்கூட மாறிவிடுகிறது, கொஞ்சம் உயரமாகிறது. என்னோடு தமிழில் பேசும்போது நடுவில் வார்த்தை கிடைக்காமல் நின்று கையை ஆட்டுவாள். அந்த இடைவெளியில் நான் போட வேண்டிய வார்த்தை எனக்கும் சில நாள் மறந்துபோகிறது. இரண்டு பேரும் கையை ஆட்டிக்கொண்டு நிற்போம். கடையில் அவள்தான் பேசினாள். நான் பின்னால் நின்று விளக்குகளைப் பார்த்தேன்.

தவுக்கே நாலு சாமான் எடுத்து வைத்தார். முதலாவது மண்ணெண்ணெய் விளக்கு. கிருபை அதை விரலால் ஒதுக்கிவிட்டாள். இரண்டாவது, ஒரு சிவப்புக் கண்ணாடி வில்லை. எரியாது, பின்னால் வருகிற வண்டியின் வெளிச்சம் பட்டால் மினுங்கும். மூன்றாவது பாட்டரி விளக்கு. நாலாவது, புதிதாக வந்திருக்கிற டைனமோ. ஒரு சின்னக் குப்பி மாதிரி இருக்கிறது. அதன் தலை சக்கரத்தில் உரசிச் சுற்றும். சுற்றினால் முன்விளக்கு, பின்விளக்கு இரண்டும் எரியும். எண்ணெய் வேண்டாம், பாட்டரி வேண்டாம்.

நான் கண்ணாடி வில்லையைத் தொட்டுக் காட்டினேன்.

“அது எரியாது நைனா. சீட்டுல வெளக்குன்னு போட்டிருக்கு” என்றாள் கிருபை.

“அப்ப பாட்டரி?”

அவள் கேட்டாள். தவுக்கே என்னைப் பார்த்தே பதில் சொன்னார். அவள் எனக்குத் தமிழில் சொன்னாள். “ரெண்டு மாசம் நல்லா எரியுமாம். அப்புறம் கம்மியாயிட்டே போவுமாம். பின்னாடி இருக்கறதால மங்கினது நமக்குத் தெரியாது. ‘உன் மவளுக்கு முதுகுல கண்ணு இருந்தா இத வாங்கு’ங்கறாரு.”

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். 

தவுக்கே டைனமோவை ஒரு சைக்கிளில் மாட்டி, பின்சக்கரத்தைத் தூக்கிக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினார். பின்விளக்கு எரிந்தது. சாதாரணமாக அல்ல. கடைக்குள் எதிர்ச் சுவரே சிவந்துவிட்டது. முன்விளக்கு எரிகிறதா என்று ஓட்டுகிறவளுக்குக் கண்ணெதிரே தெரியும். முன்னது எரிந்தால் பெரும்பாலும் பின்னதும் எரியும், ஒரே கம்பிதான் என்றார். நல்ல பேச்சு. தோல் வாங்க வருகிறவனிடம் எங்கள் ஆம்பூர்ப் பாய்கள் பேசுவது போல இருந்தது. சக்கரம் நின்றது, சிவப்பும் போயிற்று. அதை நாங்கள் மூன்று பேருமே பார்த்தோம்.  நிற்கிற சைக்கிளுக்கு எதற்கு விளக்கு?

“இவ்ளோ வெளிச்சம் வேணாம்மா” என்றேன். “ஜாஸ்தியா கண்ணுல படுது.”

கிருபை திரும்பிப் பார்த்தாள். “படறதுக்குத்தான நைனா வெளக்கு?”

 திங்கட்கிழமை வரை ஓட்டிப் பார், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொண்டு வா என்று தவுக்கே மாட்டிக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் முன்னால் ஓட்டினாள். நான் பின்னால் என் பழைய சைக்கிளில். பகல் வெளிச்சத்திலும் அந்தச் சிவப்பு தெரிந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

3

இதை எழுதலாமா கூடாதா என்று இரண்டு நாள் யோசித்தேன். இதைப் படிக்கிறவர்களில் நான் சொல்லப்போகிற தெருவைச் சேர்ந்தவர்களும் இருக்கலாம். இருந்தால் படியுங்கள்.

தோல் ஷாப்பில் எங்கள் மேஸ்திரி ஒரு பாய். ரஹீம் பாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் ஒரு சைக்கிள் இருந்தது. மழைக்காலத்தில் தோல் குழியில் கெட்டுப்போகாமல் விடியற்காலையிலேயே புரட்ட வேண்டும். நான் சீக்கிரம் வர வேண்டும் என்பதற்காக அந்த ஒரு மழைக்காலம் முழுக்கச் சைக்கிளை என்னிடம் கொடுத்திருந்தார். பொழுது சாயும்போது வீட்டுக்கு ஓட்டிப் போவேன், விடியுமுன் திரும்புவேன். அதன் முன்பக்கம் ஒரு மண்ணெண்ணெய் விளக்கு.

எங்கள் சேரி பாலாற்றுக்கு அந்தப் பக்கம். ஊர்த்தெரு வழியாகத்தான் போக வேண்டும், வேறு பாதை கிடையாது. தெரு முனையில் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும். செருப்பைக் கழற்றிக் கையில் பிடிக்க வேண்டும். தெரு முடிகிற வேப்பமரம் வரை தள்ளிக்கொண்டு போய், அதற்கப்புறம் ஏறிக்கொள்ளலாம். யாரும் எனக்கு இதை உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. சைக்கிளுக்கு முன்னால் குடைக்கு இந்தத் தடை இருந்தது, குடைக்கு முன்னால் செருப்புக்கு இருந்தது. சைக்கிள் வந்ததும் சைக்கிளுக்கும் ஆயிற்று.

ஒரு நாள் சாயங்காலம் நல்ல தூறல். சுண்ணாம்பு தின்று என் இரண்டு பாதமும் வெடித்திருந்தன. வெறுங்காலோடு அந்தக் கப்பிக்கல் தெருவில் நடக்க முடியவில்லை. தெரு முனையில் நின்று பார்த்தேன். மழைக்கு எல்லோரும் உள்ளே இருந்தார்கள். விளக்கை ஊதி அணைத்தேன். அணைத்துவிட்டு ஏறி மிதித்தேன்.

பாதித் தெரு போயிருப்பேன். சக்கரத்துக்குள் ஒரு தடி வந்து நுழைந்தது. கம்பிகள் முறிகிற சத்தம்தான் முதலில் கேட்டது, அப்புறம்தான் நான் விழுந்தேன். யாரும் கத்தவில்லை, அடிக்கவில்லை. கூரைக்குக் கீழிருந்து ஒரு குரல், “அடடா, ஆளா? நான் நரி ஓடுதுன்னு நெனச்சேன்” என்றது. இன்னொரு குரல் சொன்னது: “வெளக்கு வெச்சிருந்தா யார் போறான்னு தெரிஞ்சிருக்கும்பா.” இரண்டு பேரும் சிரித்தார்கள். எழுந்து தள்ளிக்கொண்டு போனேன்.

மறுநாள் ரஹீம் பாய் சக்கரத்தைப் பார்த்தார்.

“இன்னாடா இது, ஆறு கம்பி போயிருக்கு?”

“பள்ளத்துல உழுந்துட்டேன் பாய்.”

கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். “உங்க ஊர்ப் பள்ளம் எனக்கும் தெரியும்டா” என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை. கம்பியை அவரே மாற்றிக்கொண்டார்.

அடுத்த வருஷம் கப்பலேறினேன். இதற்காகத்தான் ஏறினேன் என்று சொன்னால் பொய். ஆள் கூட்டிப்போகிறவர் வந்தார், கூலி ஜாஸ்தி என்றார், அப்போதுதான் கல்யாணமும் ஆகியிருந்தது, ஏறினோம். ஆனால் சைக்கிளில் விளக்கு எரிவதைப் பார்த்தால் முதலில் எனக்குத் தோன்றுவது, யாரோ நம்மைப் பார்க்கப் போகிறார்கள் என்பதுதான்.

4

சனிக்கிழமை சாயங்காலம் விளக்கைச் சோதித்துப் பார்த்தோம். எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் தென்னந்தோப்பு ஓரமாக ஒரு நேர் ரோடு இருக்கிறது. ஒரு முனையில் சின்னப் பாலம். நானும் சவுந்தரமும் பாலத்தில் நின்றுகொண்டோம். கிருபை மைல்கல் வரை ஓட்டிப்போக வேண்டும். எவ்வளவு தூரம் வரை சிவப்பு தெரிகிறது என்று நாங்கள் பார்க்க வேண்டும்.

மேற்கே வெளிச்சம் போய் ரோடும் மரமும் ஒரே நிறமான நேரம். கிருபை பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு மிதித்தாள். டைனமோ விர்ரென்று சத்தம் போட்டது. விளக்கு மிதிக்கு மிதி ஏறியது. ஐம்பது கெஜம், நூறு கெஜம். சைக்கிள் தெரியவில்லை, அவள் தெரியவில்லை, அந்த ஒரு சிவப்பு மட்டும் அசங்காமல் போயிற்று.

“நல்லாத்தான் இருக்குது” என்றாள் சவுந்தரம். “ரயிலுக்குப் பின்னாடி தொங்கற மாதிரி. காட்பாடி ஸ்டேஷன்ல பாத்தது.” பிறகு, “நீங்க ஏன் மூஞ்சிய இப்பிடி வெச்சிருக்கீங்க?” என்றாள்.

நான் பதில் சொல்வதற்குள் எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு கார் வந்து பாலத்தைத் தாண்டியது. யாரோ வெள்ளைக்காரருடைய பெரிய கார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தாற்போல ஒதுங்கினோம். கார் நேரே கிருபை இருந்த பக்கம் போயிற்று. ஹாரன் ஒரு தடவை அடித்தது.

சிவப்பு அணைந்தது.

முதலில் பிரேக் சத்தம். பிறகு இரும்பில் இரும்பு உரசுகிற சத்தம். பிறகு காரின் வெளிச்சம் குறுக்கே திரும்பித் தென்னைமரங்களின் மேல் நின்றது. நான் ஓடினேன். எத்தனை வருஷம் கழித்து அப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. சவுந்தரம் பின்னால் பிள்ளையின் பெயரைச் சொல்லி அலறிக்கொண்டே வந்தாள்.

கிருபை நின்றுகொண்டிருந்தாள். சைக்கிளைவிட்டு இறங்கி, ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, ரோட்டோரத்தில் தலையைக் குனிந்து நின்றுகொண்டிருந்தாள். காரின் மட்கார்டு ஹேண்டில்பாரை உரசி மணியைப் பெயர்த்திருந்தது. இன்னும் ஒரு சாண் உள்ளே வந்திருந்தால் மணியோடு போயிருக்காது.

மலாய்க்கார டிரைவர் இறங்கி வந்து கத்தினார்.  விளக்கைப் பார்த்துத்தான் வந்தேன், விலகிப் போகத் தயாராகத்தான் இருந்தேன், திடீரென்று விளக்கு இல்லை, ஆள் எங்கே என்று தெரியவில்லை, பேய் என்று நினைத்தேன் என்றார். அவருடைய மலாய் எனக்கே முழுக்க விளங்கியது. காருக்குள் இருந்தவர் கண்ணாடியை இறக்கி எங்களைப் பார்த்தார், பிறகு ஏற்றிக்கொண்டார். கார் போய்விட்டது.

“ஏண்டி எறங்கின?” என்றாள் சவுந்தரம். “அவன் பாட்டுக்குப் போயிருப்பானே. ஏன் எறங்கித் தொலச்ச?”

கிருபை என்னைப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆச்சரியம்தான் இருந்தது.

“நைனாதான சொல்லிக் குடுத்துது? பெரிய வண்டி வந்தா எறங்கி ஓரமா நிக்கணும்னு.”

நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவளுக்கு எட்டு வயதில், இதே ரோட்டில், சைக்கிள் பழக்கும்போது. கார் வந்தால் இறங்கு, தலையைக் குனிந்து நில், போன பிறகு ஏறு. இடது பக்கம் போ, மணி அடி என்று சொல்வதைப் போல இதையும் ஒரு ரோட்டு விதியாகத்தான் சொன்னேன். அது ரோட்டு விதி அல்ல என்று அந்த நிமிஷம் வரை எனக்கே தோன்றவில்லை. ரோட்டில் வேறு எத்தனையோ பேர் சைக்கிளில் போகிறார்கள். சீனர், மலாய்க்காரர், கீரை விற்கிற கிழவிகூட. கார் வந்தால் ஒருவரும் இறங்குவதில்லை. பத்தொன்பது வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டே நான் இறங்கியிருக்கிறேன்.

5

வீட்டுக்கு வந்ததும் சவுந்தரம் முடிவு சொல்லிவிட்டாள். “வேலையும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். நாளைக்கே அந்த வெளக்கக் கடையில குடுத்துருங்க. அவ வீட்ல தையல் தைக்கட்டும்.”

“எனக்குத் தையல் வராதும்மா” என்றாள் கிருபை.

“வராத வேல எதுன்னு கேட்டனா நான்?”

“திங்கக்கெழமைக்குள்ள சீட்டு குடுக்கலன்னா எடம் போயிடும்.”

“போவட்டும். காலு இருக்கும் இல்ல?”

கிருபை என் பக்கம் திரும்பினாள். வீட்டில் இந்த மாதிரி நேரங்களில் நான் வெளியே போய்விடுவது வழக்கம். அன்று போகவில்லை. பாட்டரி விளக்கு வாங்கலாம், நின்றாலும் எரியுமே என்று ஆரம்பித்தேன். அது மங்கினால் அவளுக்குத் தெரியாது என்று சவுந்தரம் சொன்னாள். அதுவும் சரி. நாயுடுவுக்கும் அதுதான் ஆயிற்று. எப்படிச் சுற்றினாலும் டைனமோதான் நல்ல விளக்கு. விளக்கில் கோளாறு இல்லை.

ஆகவே சொன்னேன். மேலே மூன்றாவதாக எழுதியதைக் கிருபையிடம் முதல் தடவையாகச் சொன்னேன். சவுந்தரத்துக்குத் தெரிந்ததுதான், அவள் ஊரிலும் அப்படி ஒரு தெரு உண்டு. அவள் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள், முறத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கிருபை இரண்டு இடத்தில் நிறுத்திக் கேட்டாள். ஒன்று, செருப்பை ஏன் கையில் பிடிக்க வேண்டும். இன்னொன்று, தடி விட்டவனை நான் என்ன செய்தேன்.

“ஒண்ணும் செய்யல.”

“போலீசு?”

சவுந்தரம் முறத்தைப் பார்த்தபடியே சிரித்தாள். “போலீசு எந்தத் தெருவுல குடியிருந்தான்னு நெனக்கிற?”

 கிருபைக்கு எங்கள் மேல் இரக்கம் வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது, அதுவும் என் மேல்.

“அந்தத் தெரு இங்க எங்க நைனா இருக்கு? நீ எதுக்கு அத எங்கிட்ட குடுத்த?”



ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்ததும், டாக்சி ஓட்டுகிற ஒருவரிடம் கெஞ்சி ஒரு பழைய ரப்பர் ஹாரன் வாங்கி வந்தேன். அமுக்கினால் எருமை கத்துவது போல இருக்கும். அதை என் சைக்கிளில் கட்டினேன். சவுந்தரம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். நாயுடு, “இன்னா, மாப்பிள்ள அழைப்பா?” என்று கேட்டார்.

அதே தென்னந்தோப்பு ரோடு. கிருபை முன்னால் போக வேண்டும். நான் பின்னால் வேகமாக வந்து, ஹாரனை அடித்து, உரசுகிற மாதிரி தாண்டிப் போவேன். அவள் இறங்கக் கூடாது. இடது ஓரமாக, நேராக, மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

முதல் தடவை இறங்கிவிட்டாள். இரண்டாவது தடவையும் இறங்கினாள். “காலு தானா போவுது” என்றாள். மூன்றாவது தடவை ஒரு கால் மட்டும் தரையைத் தொட்டது. ஐந்தாவது தடவை தோளைக் குறுக்கிக்கொண்டாலும் மிதித்தாள். பத்தாவது தடவை நான் ஹாரன் அடித்தபோது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “ஓரமா போய்யா, எருமை” என்று கத்தினாள். சவுந்தரம் சிரித்துவிட்டாள். பத்து வருஷத்துப் பழக்கம், ஒரு மணி நேரத்தில் போய்விட்டது.

“இப்ப நீ” என்றாள் கிருபை.

“எனக்கு எதுக்கும்மா?”

“குடு நைனா அந்த ஹாரன.”

நான் முன்னால் போனேன். அவள் பின்னால் வந்து அடித்தாள். நான் இறங்கி நின்றேன். மறுபடி. மறுபடியும் இறங்கினேன். பின்னால் வருவது என் மகள் என்று தெரியும். கையில் இருப்பது ரப்பர் ஹாரன் என்று தெரியும். அதை நானே கட்டினேன். ஆனாலும் அந்தச் சத்தம் காதில் விழும்போது கால் தரையில் இருந்தது, தலை குனிந்திருந்தது. எத்தனை தடவை என்று எண்ணவில்லை. முதலில் மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம். பிறகு சவுந்தரம் சிரிப்பை நிறுத்தினாள். பிறகு கிருபை ஹாரன் அடிப்பதை நிறுத்திவிட்டு, “போதும் நைனா, வெய்யிலு ஏறுது” என்றாள்.

6

திங்கட்கிழமை சவுந்தரமே அந்தக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். ஆலையில் அரை நாள் லீவு போட்டுவிட்டு நானும் கிருபையும் முனிசிபாலிட்டிக்குப் போனோம். இங்கே எல்லாவற்றுக்கும் சீட்டு. நாய்க்குச் சீட்டு, மாட்டு வண்டிக்குச் சீட்டு. முதல் ஜன்னலில் இரண்டாவது ஜன்னலுக்குப் போகச் சொன்னார்கள், இரண்டாவதில் மூன்றாவதற்கு. எனக்கு ஜன்னல் முன்னால் நின்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். கிருபை இங்கிலீஷில் கேட்டு முடித்தாள். கடைசியில் ஒரு குமாஸ்தா வெளியே வந்து, பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி, சிவப்பைப் பார்த்து, “நல்ல வெளிச்சம்” என்று தமிழிலேயே சொல்லிவிட்டு முத்திரை குத்தினார். தகப்பன் கையெழுத்து என்ற இடத்தில் நான் தமிழில் எழுதினேன். ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்க் கொடுத்தபோது ஏற்றுக்கொள்வார்களா என்று பயமாக இருந்தது. ஏற்றுக்கொண்டார்கள்.

வரும் வழியில் தவுக்கே கடையில் பாட்டரி விளக்கு ஒன்று வாங்கினேன். டைனமோ சரியில்லையா என்று கேட்டார். அது மகளுக்கு, இது எனக்கு என்றேன். நின்றாலும் எரிகிற விளக்கு எனக்கு வேண்டும் என்று என் மலாயில் எனக்கே சொல்லத் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு முதல் நாள். ஐந்து மணிக்குச் சவுந்தரம் அவள் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணினாள். வெள்ளை உடுப்பு பையில் மடித்திருந்தது. வர வேண்டாம் என்று கிருபை சொன்னாள். ஆலைக்கும் அதே வழிதான் என்று நானும் கிளம்பினேன். ஆலை ஏழு மணிக்குத்தான். அவளுக்கு இளங்கால், வேகமாக மிதிப்பாள். கொஞ்ச நேரத்தில் நூறு கெஜம் முன்னால் போய்விட்டாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தச் சிவப்பு.

கல் லாரி எனக்குப் பின்னால் வந்தது. பாரம் ஏற்றியது; தரை அதிர்வதிலேயே தெரிந்தது. ஹாரன் அடித்தான். நான் இறங்கி ஓரமாக நின்றேன். என் பாட்டரி விளக்கு சைக்கிளின் பின்னால் எரிந்துகொண்டே இருந்தது. லாரி என்னைத் தாண்டியது. அடுத்து அவள்தான்.

மறுபடி ஹாரன். நீளமாக அடித்தான்.  இறங்காதே, இறங்காதே என்று சொல்லிக்கொண்டே நின்றேன். சத்தமாகச் சொன்னேனா மனசுக்குள்ளா என்று தெரியவில்லை. சிவப்பு நேராகப் போயிற்று. மூன்றாவது ஹாரன். அதற்கும் நேராகப் போயிற்று.

லாரிதான் ரோட்டின் வலது பக்கமாக விலகி, அவளைச் சுற்றிக்கொண்டு போயிற்று.